பிராசசர் மாற்றிய பின் எழாத வீட்டுக் கணினி: ரங்கூனில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ரங்கூன் தாம்வே பகுதியில், மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் தளத்தில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கணினியைப் பற்றியது இந்தப் பதிவு. குடும்பத் தலைவர், பயின்னாவுங் மொத்தச் சந்தையில் உளுந்தும் துவரையும் வாங்கி விற்கும் வணிகர்கள் சிலருக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுப்பவர். அவருடைய மகள், கோயிலில் ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்புக்குரிய பாடத்தாள்களை அதே கணினியில் தட்டச்சு செய்து அச்சிட்டுக் கொடுப்பார். கல்லூரியில் படிக்கும் மகன் கணினியின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் வேறு கணினி இல்லாததால், அது நின்றால் இரண்டு வேலைகளும் நின்றுவிடும்.

கணினி 2019-இல் வாங்கியது. பி450 சிப்செட் கொண்ட மதர்போர்டு, ரைசன் 3 2200ஜி பிராசசர், 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்று, 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, 450 வாட் பவர் சப்ளை ஆகியவை அதில் இருந்தன. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிள் மதர்போர்டின் பின்புறத்திலேயே செருகப்பட்டிருந்தது.

பாகங்களை மாற்ற நினைத்ததற்குத் தக்க காரணம் இருந்தது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட பிராசசர்களின் பட்டியலில் 2200ஜி இல்லை. பிறருடைய வணிகக் கணக்குகள் இருக்கும் கணினியைப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராத நிலையில் வைத்திருக்கக் குடும்பத் தலைவர் விரும்பவில்லை. முழுக் கணினியையும் புதிதாக வாங்கும் செலவைத் தவிர்க்க, மதர்போர்டை அப்படியே வைத்துக்கொண்டு பிராசசரையும் ரேமையும் மட்டும் மாற்றுவது என்று மகன் முடிவு செய்தார். கணக்கு சரியானதுதான். 2016-இல் வந்த ஏஎம்4 சாக்கெட்டில் (பிராசசரைப் பொருத்தும் இடம்) அடுத்தடுத்து வந்த பல தலைமுறை ரைசன் பிராசசர்கள் பொருந்துகின்றன. சிக்கனமாக மேம்படுத்த விரும்புவோருக்கு அதைவிட வசதியான சாக்கெட் அண்மைக் காலத்தில் இருந்ததில்லை.

வாங்கியவை ரைசன் 5 5600 பிராசசர் ஒன்றும், 8 ஜிபி அளவிலான டிடிஆர்4 3200 ரேம் இரண்டும். பழைய 2200ஜி, பெகுவில் இருக்கும் அத்தை மகனுக்கு என்று முன்பே பேசி வைக்கப்பட்டிருந்தது. அவர் அந்த வாரம் ரங்கூனுக்கு வந்திருந்ததால், மாற்றிய மறுநாள் காலையிலேயே பிராசசரை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்.

மாற்றிய இரவு

இரவு மின்சாரம் இருந்த நேரத்தில் மாற்றும் வேலை நடந்தது. மகன் சொன்னதிலிருந்து இரண்டு விவரங்களைக் குறித்துக்கொண்டேன். பழைய கூலரைத் தூக்கியபோது, காய்ந்திருந்த தெர்மல் பேஸ்ட்டின் பிடியால் பிராசசரும் அதனுடன் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. ஏஎம்4 வகையில் ஊசிகள் பிராசசரின் அடியில் இருப்பதாலும், நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே பிராசசர் வெளியே வந்துவிடக் கூடியதாலும், இது அடிக்கடி நடப்பதுதான். கணினியைச் சிறிது நேரம் இயக்கிப் பேஸ்ட்டை இளக வைத்து, கூலரை நேராகத் தூக்காமல் மெல்லத் திருகி எடுத்தால் தவிர்க்கலாம். இரண்டாவது, பிராசசரையும் ரேமையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, இடையில் ஒருமுறையும் இயக்கிப் பார்க்காமல் கணினியை மூடிவிட்டார்கள்.

பொத்தானை அழுத்தியதும் மின்விசிறிகள் சுழன்றன, பெட்டியின் விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. விசைப்பலகையின் நம்லாக் விளக்கு எரியவில்லை. ரேமைக் கழற்றி மாட்டியும், இடம் மாற்றியும், பழைய ரேமைப் போட்டும் பார்த்தார்கள். அடுத்து ஐயம் மின்சாரத்தின் மேல் விழுந்தது. வேலை முடிந்த சற்று நேரத்தில் மின்சாரம் போய் வந்திருந்ததால், அந்த அதிர்ச்சியில் பவர் சப்ளை கெட்டிருக்கும் என்று நினைத்தார்கள். பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குக் கொண்டு போனபோது, மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்க வேண்டும் என்ற பதில் கிடைத்தது. அந்தப் பதிலுக்குப் பிறகே என்னை அழைத்தார்கள். “அண்ணே, போர்டு வாங்குறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க” என்பதுதான் வேண்டுகோள். எனவே என் முன் இருந்த கேள்வி குறுகியது: மதர்போர்டு உண்மையிலேயே செத்துவிட்டதா?

முதல் பரிசோதனை

பாகங்களை மாற்றிய உடனே எழாமல் போகும் கணினியில், மாற்றாத பாகம் அதே வேளையில் தானாகக் கெட்டிருப்பது அரிது. மாற்றிய பாகத்துக்கும் மாற்றாத பாகத்துக்கும் ஒத்துப்போகாமையே பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஆயினும் மின்சாரத்தைப் பற்றிய ஐயத்தை அளந்து பார்த்துத்தான் விலக்க வேண்டியிருந்தது. ஏனெனில் இங்கே மின்னழுத்தம் ஏறி இறங்குவது அன்றாட நிகழ்வு.

24 ஊசி இணைப்பின் பின்புறமாக மல்டிமீட்டர் முனையை நுழைத்து, கணினி இயங்கும் நிலையிலேயே அளந்தேன். 12 வோல்ட் தடத்தில் 12.1, 5 வோல்ட் தடத்தில் 5.03, 3.3 வோல்ட் தடத்தில் 3.34 என வந்தன. ஏடிஎக்ஸ் வரையறை இந்தத் தடங்களில் 5 விழுக்காடு ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. 12 வோல்ட்டுக்கு அது 11.4 முதல் 12.6 வரை. மின்சாரம் சீராக இருக்கிறது என்று மதர்போர்டுக்கு அறிவிக்கும் சாம்பல் நிறக் கம்பியிலும் 5 வோல்ட் இருந்தது. பிராசசருக்கான தனி 8 ஊசி இணைப்பு சரியாக அழுந்தியிருந்தது, அங்கேயும் 12 வோல்ட் கிடைத்தது. அத்துடன் பவர் சப்ளையைப் பற்றிய பேச்சை முடித்துக்கொண்டோம்.

மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் செல்லை அளந்தபோது 2.5 வோல்ட்தான் இருந்தது. புது செல் 3 வோல்ட்டுக்குக் குறையாது. திரை கறுப்பாக இருப்பதற்கு இது காரணமாகாது என்றாலும், மாற்ற வேண்டும் என்று குறித்துக் கொடுத்தேன். கணினி சுவர் மின்சாரத்தில் செருகியிருக்கும்வரை கடிகாரத்துக்கும், பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும், மதர்போர்டிலேயே பதிந்த நிரல்) அமைப்புகளுக்கும் பவர் சப்ளையே மின்சாரம் கொடுக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் மட்டுமே செல் செலவாகும். நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாத ஊரில் செல் விரைவில் வற்றுவதற்கு இதுவே காரணம். அன்று மாலை அக்கம்பக்கக் கடைகளில் செல் கிடைக்கவில்லை.

அடுத்து, மதர்போர்டைப் பெட்டியிலிருந்து எடுத்து அதன் அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரே ஒரு ரேம் ஆகியவற்றுடன் மட்டும் இயக்கினேன். பெட்டியின் திருகுகளோ முன்புறக் கம்பிகளோ எங்கேனும் உராய்ந்து குறுக்குமின்னோட்டம் ஏற்படுத்துகின்றனவா என்பதை அறிய இதுவே எளிய வழி. நிலை மாறவில்லை. மதர்போர்டின் ஓரத்தில் பிராசசர், ரேம், கிராஃபிக்ஸ், பூட் ஆகிய நான்கு கட்டங்களைக் காட்டும் சிறு விளக்குகள் உண்டு. அவற்றில் பிராசசர் விளக்கு எரிந்தபடியே நின்றது. ரேமை முழுவதும் எடுத்துவிட்டு இயக்கியபோதும் அதே விளக்குதான். தொடக்க நிரல் பிராசசரைத் தாண்டி முன்னேறியிருந்தால், ரேம் இல்லாத நிலையில் ரேம் விளக்கு எரிந்திருக்க வேண்டும். இந்தச் சின்னஞ்சிறு சோதனை பாதிச் சாத்தியங்களை ஒரே அடியில் ஒதுக்கிவிட்டது: ரேமைக் கழற்றி மாட்டுவதில் இனிப் பயன் இல்லை.

பிராசசரை எடுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் ஊசிகளை வரிசை வரிசையாகப் பார்த்தேன். 1331 ஊசிகளும் நேராக நின்றன. சாக்கெட் துளைகளிலும் பேஸ்ட் படியவில்லை. எஞ்சிய சாத்தியங்கள் மூன்று. புதிய பிராசசரே பழுதானதாக இருக்கலாம், மதர்போர்டு பழுதாகியிருக்கலாம், அல்லது மதர்போர்டின் பயாஸ், தான் வெளிவந்த காலத்துக்குப் பிறகு பிறந்த இந்தப் பிராசசரை அறியாததாக இருக்கலாம். ரைசன் 5 5600 சந்தைக்கு வந்தது 2022 ஏப்ரலில். மதர்போர்டு வாங்கியது 2019-இல். இடையில் யாரும் பயாஸைப் புதுப்பித்ததாக நினைவில்லை என்று வீட்டார் சொன்னார்கள்.

பழைய டிஸ்க்கில் கிடைத்த சான்று

எழாத கணினியில் பயாஸ் பதிப்பைத் திரையில் பார்க்க வழியில்லை. மதர்போர்டில் ஒட்டியிருந்த சீட்டு ஈரப்பதத்தால் மங்கிப் போயிருந்தது. ஆனால் விண்டோஸ், தான் இயங்கும் கணினியின் மதர்போர்டு, பயாஸ் விவரங்களைத் தன் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) எழுதி வைக்கிறது. அவற்றுள் ஒரு பகுதி கணினி அணைந்த பிறகும் டிஸ்க்கிலேயே தங்கியிருக்கும். எனவே எஸ்எஸ்டியைக் கழற்றி, யூஎஸ்பி அடாப்டர் வழியாக என் மடிக்கணினியில் இணைத்தேன். முதல் வேலையாகக் கணக்குக் கோப்புகளையும் பாடத்தாள்களையும் வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தேன். டிஸ்க் கடவுச்சொல் எதுவும் கேட்காமல் திறந்ததால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் அதில் இல்லை என்பதும் தெரிந்தது. இந்தச் செய்தி பின்னால் ஒரு முடிவுக்கு உதவியது.

பிறகு அந்த டிஸ்க்கிலுள்ள சிஸ்டம் என்ற பதிவேட்டுக் கோப்பைப் பதிவேட்டுத் தொகுப்பியில் ஏற்றி, அதில் ஹார்ட்வேர்கன்ஃபிக் என்ற கிளையைத் திறந்தேன். மதர்போர்டின் சரியான மாதிரிப் பெயரும், பயாஸின் பதிப்பு எண்ணும், அது வெளியான தேதியும் அங்கே இருந்தன. தேதி 2018-இன் இறுதி. உற்பத்தியாளரின் ஆதரவுப் பட்டியலில் இந்த மாதிரியைத் தேடியபோது, 5000 வரிசைப் பிராசசர் ஒவ்வொன்றுக்கும் நேரே குறிக்கப்பட்டிருந்த குறைந்தபட்சப் பதிப்பு இதைவிட மிகவும் பிந்தியதாக இருந்தது. பிராசசர் விளக்கு எரிந்து நின்றதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

அதே பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இரண்டாவது காரணமும் கண்ணில் பட்டது. அது முதலாவதுக்குப் பின்னால் மறைந்து நின்றது. ரைசன் 5 5600-க்குள் கிராஃபிக்ஸ் பகுதி கிடையாது. ‘ஜி’ என்ற எழுத்துடன் வரும் 5600ஜியில்தான் அது உண்டு. பழைய 2200ஜி அந்த வகை என்பதால், மதர்போர்டின் எச்டிஎம்ஐ இணைப்பு இத்தனை காலமும் படம் காட்டி வந்தது. ஆகவே பயாஸை மட்டும் புதுப்பித்து 5600-ஐ மாட்டியிருந்தால் கணினி உள்ளுக்குள் எழுந்திருக்கும். திரை அப்போதும் கறுப்பாகத்தான் இருந்திருக்கும். பயாஸ் மாற்றியதில் ஏதோ கெட்டுவிட்டது என்று எவரும் நினைத்திருப்பார்கள். ஒரே அறிகுறிக்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கும்போது, ஒன்றைத் தீர்த்தும் பலன் தெரியாமல் போவதும், அதனால் தீர்த்ததையே சந்தேகிப்பதும் பழுது பார்க்கும் வேலையில் அடிக்கடி நேர்வன. இரண்டையும் தாளில் கண்டுபிடித்துவிட்டு, அதன்பின் கையை வைத்தது இந்த நிகழ்வில் மிகவும் உதவியது.

தெரிவுகளும் எடுத்த முடிவுகளும்

கிராஃபிக்ஸ் பிரச்சினைக்கு இரண்டு வழிகள் இருந்தன: ஒரு சிறிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவது, அல்லது 5600-ஐக் கடையில் கொடுத்துவிட்டு 5600ஜி வாங்குவது. வேகத்தை மட்டும் பார்த்தால் 5600 மேலானது. அதன் மூன்றாம் நிலை கேஷ் (பிராசசருக்குள்ளேயே உள்ள விரைவு நினைவகம்) 32 எம்பி, 5600ஜியில் 16 எம்பி. ஆனால் இந்த வீட்டில் கணினி பல நேரங்களில் இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடுகிறது. விளக்கும் மின்விசிறியும் அதே பேட்டரியை நம்பியிருக்கின்றன. கூடுதலாக ஒரு கார்டு என்பது ஓயாமல் கூடுதல் மின்செலவு. மேலும் கையில் கிடைக்கும் மலிவான பழைய கார்டுகள் சிலவற்றில் யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறைக்கான நிரல் இருப்பதில்லை. விண்டோஸ் 11-க்காகப் பயாஸில் பழைய முறையை அணைத்ததும் அவை படம் காட்டாமல் போகக்கூடும். கணக்கு எழுதவும் பாடத்தாள் அச்சிடவும் 5600ஜி தாராளமாகப் போதும் என்று சொன்னேன், வீட்டாரும் ஒப்புக்கொண்டார்கள். ஊசிகள் நேராக இருந்ததாலும் பெட்டி பத்திரமாக இருந்ததாலும், வித்தியாசத் தொகையை வாங்கிக்கொண்டு கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார்.

பயாஸுக்கு வழி தேடுவதுதான் கடினமாக இருந்தது. பிராசசர் இல்லாமலேயே யூஎஸ்பி பென்டிரைவிலிருந்து பயாஸை எழுதும் பொத்தான் சில மதர்போர்டுகளில் உண்டு, இதில் இல்லை. பயாஸ் சிப்பில் கிளிப் மாட்டி வெளியிலிருந்து புரோகிராமரால் எழுதலாம். ஆனால் சிப்பின் மின்னழுத்தத்துக்குப் பொருந்தாத கருவியைப் பயன்படுத்தினால் நல்ல மதர்போர்டையே கெடுத்துவிட நேரும் என்பதால், அதைக் கடைசி வழியாக வைத்தேன். புதிய மதர்போர்டு வாங்கலாம் என்ற கடையின் யோசனை வேலை செய்யும்தான்; ஆனால் பழுதில்லாத பொருளை வீசிவிட்டு அதற்கு விலையும் கொடுப்பதாகும். மிச்சமிருந்த வழி, பழைய பயாஸுக்குத் தெரிந்த ஒரு பிராசசரை மாட்டி, அதைக் கொண்டே பயாஸைப் புதுப்பிப்பது. அந்தப் பிராசசர் பெகுவில் இருந்தது. ரங்கூனிலிருந்து பெகு சுமார் 50 மைல். அத்தை மகன் அதை இன்னும் எந்தப் போர்டிலும் மாட்டவில்லை என்பது நல்வாய்ப்பு. ஊசிகள் படாதபடி உறையிட்ட பிளாஸ்டிக் கூட்டில் வைத்து, ரங்கூன் வரும் உறவினர் ஒருவரிடம் கொடுத்தனுப்பும்படி சொன்னோம்.

வந்து சேர்ந்ததைப் பார்த்தபோது, ஓரத்து வரிசையில் சில ஊசிகள் லேசாகச் சாய்ந்திருந்தன. கூலருடன் பிடுங்கிக்கொண்டு வந்த இரவில் நேர்ந்ததாக இருக்கலாம். மெக்கானிக்கல் பென்சிலின் வெற்று முனையை ஊசியின் மேல் நுழைத்து, பக்கத்து வரிசைக்கு இணையாகும்வரை சிறிது சிறிதாக நிமிர்த்தினேன். சாக்கெட்டில் தானாக, அழுத்தமே இல்லாமல் இறங்கும்வரை அந்த வேலையை விடக்கூடாது. கையால் அழுத்தி இறக்கினால் ஊசி மடங்கும்.

2200ஜியை மாட்டி, பழைய ரேமையே போட்டு இயக்கியதும் படம் வந்தது. பழைய பயாஸ், பழைய விண்டோஸ், எல்லாம் முன்போலவே. மதர்போர்டு உயிருடன் இருப்பது அத்துடன் உறுதியாயிற்று. அதே நிலையில் புதிய ரேம்களை மாட்டி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓட்டி, அவையும் நல்லவை என்று கண்டோம்.

பயாஸ் புதுப்பித்தல்

பயாஸை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், பழுதில்லாத மதர்போர்டு அந்தக் கணத்தில் உண்மையிலேயே செத்துப் போகலாம். முறைவைத்து மின்சாரம் வரும் ஊரில் இது வெறும் எச்சரிக்கை வாசகம் அல்ல. வீட்டிலிருந்த இன்வெர்ட்டரை இதற்கு நம்ப நான் விரும்பவில்லை. அது சுவர் மின்சாரத்தைப் போன்ற தூய சைன் அலையைத் தருவதில்லை. ஆக்டிவ் பிஎஃப்சி (மின்னோட்டத்தைச் சீராக இழுக்கும் சுற்று) கொண்ட பவர் சப்ளைகள் சில அத்தகைய மின்சாரத்துக்கு மாறும் நொடியில் அணைந்துவிடுவது உண்டு. தூய சைன் அலை தரும் யூபிஎஸ் ஒன்றைக் கொண்டுவந்து, கணினியைப் பயாஸ் திரையில் நிறுத்திவிட்டு, யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். கணினி அசையவில்லை. சில நிமிடங்கள் பேட்டரியிலேயே ஓடவிட்டு, தாக்குப்பிடிப்பதையும் பார்த்துக்கொண்டேன்.

நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மின்சாரம் நிற்கப் போகும் கடைசி மணியில் இந்த வேலை கூடாது என்பது வெளிப்படை. மின்சாரம் வந்த அந்த நிமிடமும் உகந்ததன்று. கட்டடம் முழுவதும் தண்ணீர் மோட்டாரும் குளிர்பெட்டியும் ஒருசேர ஓடத் தொடங்குவதால் அப்போதுதான் மின்னழுத்தம் மிகவும் தள்ளாடும். வந்து கால் மணி நேரம் கழித்து, மீட்டரில் ஏற்ற இறக்கம் அடங்கிய பின் தொடங்கினோம்.

பென்டிரைவை ஃபேட்32 முறையில் அமைத்து, உற்பத்தியாளரின் தளத்திலிருந்து எடுத்த கோப்பை விரித்து அதில் இட்டிருந்தோம். மதர்போர்டில் அச்சிட்டிருந்த மாதிரிப் பெயரையும் திருத்த எண்ணையும், பதிவேட்டில் கண்ட பெயரையும் கோப்பின் பெயருடன் ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரே பெயரில் வெவ்வேறு திருத்தங்கள் விற்பனையாவதும், அவற்றுக்கு வெவ்வேறு பயாஸ் இருப்பதும் உண்டு. புதிய பதிப்புக்கு முன் ஓர் இடைநிலைப் பதிப்பை ஏற்ற வேண்டும் என்ற குறிப்பும் அந்தத் தளத்தில் இருந்ததால், அப்படியே இரண்டு கட்டமாக எழுதினோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் சில நிமிடங்களே ஆயின. பிறகு 2200ஜியிலேயே ஒருமுறை பயாஸ் திரைவரை சென்று புதிய பதிப்பு எண்ணைக் கண்ட பின், கணினியை அணைத்து 5600ஜியை மாட்டினோம்.

படம் வந்தும் வராத விண்டோஸ்

முதல் முறை இயக்கியபோது திரை நெடுநேரம் கறுப்பாக இருந்தது; கணினி ஒருமுறை தானே அணைந்து எழுந்தது. புதிய பிராசசருடன் ரேமின் அளவீடுகளை மதர்போர்டு பழகிக்கொள்ளும் நேரம் இது என்பதால், பொத்தானைத் தொட வேண்டாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். பிறகு ஆங்கில அறிவிப்பு ஒன்று வந்தது. புதிய பிராசசர் பொருத்தப்பட்டுள்ளது, எஃப்டிபிஎம்மை (பிராசசருடன் வரும் பாதுகாப்புப் பகுதி) மீட்டமைக்க ஒய் (Y) விசையையும், வேண்டாமெனில் என் (N) விசையையும் அழுத்துக என்பது அதன் பொருள். பாதுகாப்புத் திறவுகோல்கள் அந்த எஃப்டிபிஎம்மில் இருப்பதால், பிட்லாக்கர் உள்ள கணினியில் மீட்புச் சாவி கையில் இல்லாமல் ஒய் அழுத்தினால் டிஸ்க் பூட்டிக்கொள்ளும். இந்த டிஸ்க்கில் பிட்லாக்கர் இல்லை என்று முன்பே அறிந்திருந்ததால், தயங்காமல் ஒய் அழுத்தினோம்.

அடுத்து விண்டோஸ் வருவதற்குப் பதிலாக, பூட் செய்ய டிஸ்க் இல்லை என்ற செய்தி வந்தது. பயாஸ் திரையில் எஸ்எஸ்டியின் பெயர் தெரிந்தது. ஆகவே டிஸ்க்கில் பழுதில்லை. 2019-இல் விண்டோஸை நிறுவியவர்கள் எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் அமைப்பு முறையில் நிறுவியிருந்தார்கள். அதைத் தொடங்கும் சிஎஸ்எம் என்ற பழைய முறை, பழைய பயாஸில் இயல்பாகவே இயங்கியது. புதிய பயாஸின் இயல்பமைப்பில் அது அணைந்திருந்தது. சிஎஸ்எம்மை இயக்கியதும் விண்டோஸ் 10 வந்துவிட்டது.

அன்றே டிஸ்க்கை விண்டோஸ் 11-க்குத் தேவையான புதிய ஜிபிடி முறைக்கு மாற்றிவிடலாம் என்று மகன் விரும்பினார். சந்தையின் மாதக் கணக்கு முடியும் நாள் நெருங்கியிருந்ததால், கணக்கு ஒப்படைக்கப்படும்வரை கணினியை அதே நிலையில் விடுவது என்று முடிவெடுத்தோம். செல்லை மட்டும் வாங்கிப் போட்டுவிடும்படி நினைவூட்டிவிட்டு வந்தேன்.

இடைப்பட்ட நாளில் நேர்ந்தது

செல் வாங்குவது தள்ளிப் போயிற்று. ஓர் இரவு மின்சாரம் நெடுநேரம் இல்லாமல் இருந்தது. காலையில் கணினியை இயக்கியபோது மீண்டும் பூட் செய்ய டிஸ்க் இல்லை என்ற செய்தி. குடும்பத் தலைவர் கலங்கிப்போய்த் தொலைபேசியில் அழைத்தார். பயாஸ் திரையில் தேதியைப் பார்க்கச் சொன்னேன். கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போயிருந்தது. வற்றிய செல் இரவைத் தாங்காமல் அமைப்புகள் அழிந்து, சிஎஸ்எம் மறுபடி அணைந்துவிட்டது என்பது அதிலிருந்தே தெரிந்தது. தொலைபேசியிலேயே வழிகாட்டி சிஎஸ்எம்மை இயக்க வைத்தேன். அன்றைக்கே புது செல்லும் வாங்கினார்கள். முன்பு ஓரமாகக் குறித்து வைத்த ஒரு சிறு அளவீடு, இப்படி முழு விளக்கமாக வந்து நின்றது.

விளைவு

கணக்கு ஒப்படைத்த பின், கோப்புகளை மறுபடியும் பிரதி எடுத்துவிட்டு, விண்டோஸுடனேயே வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் டிஸ்க்கை மாற்றினோம். முதலில் சரிபார்க்கும் கட்டளையை மட்டும் கொடுத்து, தடை இல்லை என்று கண்ட பிறகே மாற்றும் கட்டளையைக் கொடுத்தோம். மூன்றுக்கு மேற்பட்ட முதன்மைப் பகுதிகள் உள்ள டிஸ்க்கை அந்தக் கருவி ஏற்காது; இதில் இரண்டே இருந்தன. கோப்புகள் எதுவும் அழியவில்லை. சிஎஸ்எம்மை அணைத்துச் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை இயக்கிய பின் விண்டோஸ் 11 நிறுவுதல் தடையின்றி முடிந்தது. இனி செல் வற்றி அமைப்புகள் இயல்புநிலைக்குத் திரும்பினாலும், இந்த இயல்புநிலையிலேயே கணினி எழும்.

புதிய ரேம்களை முதலில் 2400 வேகத்திலேயே விட்டிருந்தோம். எல்லாம் நிலைபெற்ற பிறகு 3200-க்கு உயர்த்தி, மின்சாரம் இருந்த ஒரு முழு நேரமும் மெம்டெஸ்ட் ஓட்டியதில் பிழை வரவில்லை. செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட மதர்போர்டு, இதை எழுதும்போதும் அதே பெட்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த முறை மாற வேண்டியவை

இத்தகைய வேலைக்கு வேறு வீடுகளில் என்னைக் கூப்பிடும்போது இப்போது நான் பின்பற்றும் ஒழுங்கு, பெரும்பாலும் இந்த நிகழ்விலிருந்து வந்தது. கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பயாஸ் பதிப்பையும், டிஸ்க் எம்பிஆரா ஜிபிடியா என்பதையும், பிட்லாக்கர் இருக்கிறதா என்பதையும் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கச் சொல்கிறேன். பட்டியலைப் பார்த்து, பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். பெகுவிலிருந்து பிராசசரை வரவழைத்த அலைச்சல் முழுவதும் இந்த ஒரு படியைத் தவிர்த்ததால் வந்ததே. பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றி, இடையிடையே இயக்கிப் பார்க்க வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறேன், நேரம் கூடுதலாக ஆனாலும். பழைய பாகத்தைப் பிறருக்குக் கொடுப்பதாகப் பேசியிருந்தால், புதியது சில நாள் சீராக ஓடிய பிறகே கொடுக்க வேண்டும். பழைய பிராசசரைவிடச் சிறந்த சோதனைக் கருவி அந்த வீட்டில் வேறு கிடையாது என்பது என் கருத்து.

வாங்கும் கடையில் எண்ணை மட்டும் சொல்லாமல், மானிட்டர் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்வது நல்லது. கிராஃபிக்ஸ் கார்டு இல்லை என்று தெரிந்தால் ‘ஜி’ இல்லாத பிராசசரை எந்தக் கடைக்காரரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்.

2200ஜி மீண்டும் பெகுவுக்குப் போய்விட்டது. அதற்குப் பொருத்தமாகப் பி550 மதர்போர்டு வாங்க அத்தை மகன் எண்ணியிருந்தார். சாக்கெட் ஏஎம்4 என்றாலும், அந்தச் சிப்செட்டுக்கான ஏஎம்டியின் ஆதரவுப் பட்டியலில் 2200ஜி இல்லை என்பதைச் சொல்லி, பி450 அல்லது ஏ320 போர்டாகப் பார்க்கும்படி எழுதி அனுப்பினோம்.